சென்னை காமிக் கானும் ஈரோட்டு மேஜையும்

இது ரெண்டு வருஷமாக டிராஃப்டில் கிடந்த குறிப்பு. சென்னை காமிக் கானுக்குப் போய் வந்த உடனே எழுத ஆரம்பித்தேன். பாதியில் நின்றுபோனது. காரணம், அங்கே நடந்ததை எதோடு ஒப்பிட்டுப் பேசுவது என்று எனக்கு அப்போது தெளிவில்லை. இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

முதலில் அந்தப் பெயர். 'கான்' என்பது கன்வென்ஷன் என்ற சொல்லின் தலை. மாநாடு என்று தமிழில் போட்டால் கட்சிக் கொடியும் வேன்களும்தான் ஞாபகம் வரும். நான் கூடுகை என்று சொல்லிக்கொள்கிறேன். ஒரே விஷயத்தின் மேல் பைத்தியமாக இருக்கிறவர்கள் ஓரிடத்தில் கூடி, ஊரில் யாரும் காது கொடுத்துக் கேட்காத பேச்சை அலுக்கும்வரை பேசுவது. 2024 பிப்ரவரி 17, 18 தேதிகளில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்த முதல் சென்னை காமிக் கானில் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. கூடுகை நடந்ததா என்பதுதான் என் கேள்வி.

இந்த மாதிரி விழாக்கள் எப்படித் தொடங்கின என்று கொஞ்சம் தேடிப் பார்த்தேன். இன்று லட்சத்துக்கு மேல் ஆள் போகிற சான் டியாகோ காமிக் கான், 1970-ல் ஒரு ஹோட்டலில் சுமார் முந்நூறு பேரோடு ஆரம்பித்தது. ஓவியர் ஜாக் கிர்பி, எழுத்தாளர் ரே பிராட்பரி எல்லாம் அந்த முந்நூறு பேருக்காக வந்து பேசியிருக்கிறார்கள். அந்தக் கதை ஹாலிவுட் உள்ளே வந்ததும் வேறு பக்கம் போய்விட்டது, அதை விடுங்கள். எனக்கு அதைவிட சுவாரசியமாகப்பட்டது ஜப்பான்.

1975 டிசம்பரில் டோக்கியோவில் காமிக் மார்க்கெட் என்று ஒன்று தொடங்கியது. சுருக்கமாக காமிகெட். 32 ரசிகர் குழுக்கள், சுமார் 700 பேர். ரசிகர்கள் தாங்களே வரைந்து, தாங்களே அச்சடித்த புத்தகங்களை மேஜை போட்டு விற்றார்கள். இன்றைக்கும் வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஆகஸ்டிலும் டிசம்பரிலும் நடக்கிறது. லட்சக்கணக்கில் ஆள் வருகிறது. அதன் அடிப்படைக் கொள்கை ஒன்று உண்டு: இங்கே 'வாடிக்கையாளர்' என்று யாரும் கிடையாது. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து விற்கிறவர், முன்னால் நின்று வாங்குகிறவர், வரிசையை ஒழுங்கு பண்ணுகிற தன்னார்வலர் எல்லாருமே 'பங்கேற்பாளர்'. ஏதோ மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. நீங்க வாடிக்கையாளர் இல்லைன்னா, குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. கூட நின்று சரி பண்ண வேண்டும். அடுத்த வருஷம் மேஜைக்கு அந்தப் பக்கம் நீங்களே உட்காரவும் செய்யலாம். வேலையில் ஓப்பன் சோர்ஸ் பக்கம் கொஞ்சம் நடமாடியவன் என்பதால் இந்த மனநிலை எனக்குச் சட்டென்று புரிந்தது. பயன்படுத்துகிறவனே நாளைக்குத் திருத்தி எழுதுகிறவனாகவும் ஆகலாம் என்கிற நம்பிக்கை அது.

இனி இந்தியா. 2011 பிப்ரவரியில் டெல்லி ஹாட்டில் ஜதின் வர்மா காமிக் கான் இந்தியாவைத் தொடங்கினார். மும்பை, பெங்களூர், ஹைதராபாத் என்று பரவி, பதின்மூன்று வருஷம் கழித்துத்தான் சென்னைக்கு வந்தது. அதற்கு முந்தின மாதம், 2024 ஜனவரியில், இ-ஸ்போர்ட்ஸ் நடத்துகிற நாட்வின் கேமிங் நிறுவனம் சுமார் 55 கோடி ரூபாய்க்கு அதை வாங்கியது. இதில் தப்பு ஒன்றும் இல்லை. வர்த்தக மையத்தை வாடகைக்கு எடுக்கவும், வெளிநாட்டு ஓவியரை வரவழைக்கவும் யாராவது பணம் போடத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பணம் திரும்பி வருகிற வழி ஒன்றுதான்: டிக்கெட், ஸ்டால், ஸ்பான்சர். அப்போது உள்ளே வருகிறவர் வாடிக்கையாளராகத்தான் இருந்தாக வேண்டும். ஹாலின் அமைப்பே அதைச் சொல்லிவிடுகிறது. டி-ஷர்ட், பொம்மை, கீ-செயின், போஸ்டர் விற்கிற கடைகள். விளையாடிப் பார்க்க கேமிங் இடம். காமெடிக்கும் பாட்டுக்கும் ஒரு மேடை. நடுவில் பதிப்பாளர்களும் ஓவியர்களும். நடந்துகொண்டே இருக்கலாம், வாங்கலாம், மேடையைப் பார்க்கலாம். ரெண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது மட்டும் அந்தத் திட்டத்தில் இல்லை.

நான் போனது மகளுக்காக. அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயசு. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூர் போய்ப் பல்லவனைப் பிடித்தால் எழும்பூர் சேர மத்தியானம் ஆகிவிடும். அதனால் ராத்திரி பஸ். கிளாம்பாக்கத்தில் புது பேருந்து நிலையம் அப்போதுதான் திறந்திருந்தார்கள். விடியக்காலையில் அங்கே இறங்கி, முகம் கழுவி, கழிப்பறையில் வேஷம் மாற்றி, டவுன் பஸ்ஸில் கிண்டிப் பக்கம். டவுன் பஸ் கண்டக்டர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு "டிராமாவா பாப்பா?" என்றார். அவள் "காஸ்ப்ளே" என்றாள். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையாட்டினார்.

காஸ்ப்ளே என்றால் தனக்குப் பிடித்த கதாபாத்திரமாக வேஷம் கட்டி வருவது. என் மகள் 'டீமன் ஸ்லேயர்' என்ற ஜப்பான் தொடரில் வரும் நெசுகோவாகப் போனாள். (2025 செப்டம்பரில் அதன் படம் தமிழ் டப்பிங்கோடு தியேட்டருக்கு வந்தபோது என் அலுவலகத்திலேயே பல பேருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. 2024-ல் எங்கள் தெருவில் அவளுக்கும் அவள் தோழி ஒருத்திக்கும் மட்டும்தான் தெரியும்.) நெசுகோ வாயில் ஒரு மூங்கில் துண்டு கட்டியிருப்பாள். ரோஜா நிறக் கிமோனோ, அதில் அறுகோணம் அறுகோணமாக ஒரு கோலம். ஆன்லைனில் ரெடிமேடாகக் கிடைக்கிறது. வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று அம்மாவின் பழைய காட்டன் புடவையை எடுத்துக்கொண்டாள். தெருமுனை டெய்லர் அக்காவுக்கு நாலு படம் காட்டித் தைக்க வைத்தாள். கோலத்தை மட்டும் எக்ஸ்ரே ஷீட்டில் ஸ்டென்சில் வெட்டி, துணிப் பெயின்ட்டில் ஆறு நாள் உட்கார்ந்து தானே போட்டாள்.

நாலாவது நாள், "இதெல்லாம் யார் பார்க்கப் போறாங்க, முன்பக்கம் மட்டும் போட்டாப் போதாதா?" என்று கேட்டேன். "அப்பா, இது ஆசானோஹா. சணல் இலைக் கோலம். சணல் சீக்கிரமா வளரும்ல, அது மாதிரி குழந்தை நல்லா வளரணும்னு ஜப்பான்ல குழந்தைத் துணியில போடுவாங்க. நெசுகோ குடும்பத்துல மத்தவங்க எல்லாம் செத்துட்டாங்க, இவளும் அண்ணனும் மட்டும்தான் மிச்சம். அவ போட்டுருக்கிற துணியில இந்தக் கோலம் இருக்குன்னா சும்மாவா?" என்றாள்.

நான் அந்தத் தொடரை அவளோடு உட்கார்ந்து பார்த்தவன்தான். அந்தக் கோலத்தை ஒரு டிசைன் என்று தாண்டிப் போயிருந்தேன். அவள் அதைக் கையால் போட்டுப் பார்த்ததால் படித்தாள். எது முக்கியம், எதை விடலாம், எந்த விவரத்தை மாற்றினால் ஆளே மாறிப் போவாள் என்று முடிவு பண்ணாமல் ஒரு வேஷத்தை முடிக்க முடியாது. இதைத்தானே நாம் விமர்சனம் என்ற பெயரில் எழுதிக்கொண்டிருக்கிறோம்? காஸ்ப்ளேயை 'மாறுவேடப் போட்டி' என்று சிரிப்பவர்களிடம் எனக்கு இதற்குமேல் வாதம் இல்லை.

ஹாலில் அவளை நிறைய பேர் போட்டோ எடுத்தார்கள். நல்ல பிள்ளைகள், எல்லாரும் கேட்டுவிட்டுத்தான் எடுத்தார்கள். அவளுக்கும் சந்தோஷம். ஆனால் அன்றைக்கு நடந்தது என்று இன்று வரை அவள் சொல்வது வேறு. மத்தியானம் இன்னொரு நெசுகோ எதிரில் வந்தாள், ஒரு கல்லூரிப் பெண். ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தப் பெண் கிமோனோவின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, "பெயின்ட்டா இது? கசங்கினா விரிசல் விடலையா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். ரெண்டு பேரும் சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். இருபது நிமிஷம், அரை மணி நேரம். பெயின்ட்டில் மீடியம் எவ்வளவு கலக்கணும், மூங்கிலுக்குப் பதில் பேப்பர் குழாயில் செய்தால் வாய் வலிக்காது, அண்ணன் தான்ஜிரோ அழுகிற காட்சி மாங்காவில் எப்படி இருக்கு, அனிமேஷனில் எப்படி இருக்கு. நான் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் நின்றேன். நான் தேடி வந்த கூடுகை அந்தச் சுவர் ஓரத்தில்தான் நடந்தது. அதற்கு ஒரு பெஞ்சு கிடையாது, நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி கிடையாது. யாரும் தடுக்கவும் இல்லை, அதையும் சொல்லிவிடணும்.

மேடையில் காஸ்ப்ளே போட்டி நடந்தது. ஒவ்வொருவராக ஏறி, நின்று, சுற்றி, இறங்கினார்கள். கைதட்டல் பலம். ஆனால் எப்படிச் செய்தாய், ஏன் இந்த ஆளைத் தேர்ந்தெடுத்தாய் என்று ஒருவரையாவது ஐந்து நிமிஷம் உட்கார வைத்துக் கேட்டிருந்தால் எனக்கு அந்த மேடை பிடித்திருக்கும். ரசிகர்களே உண்டாக்கிய ஒரே பொருள் அந்த ஹாலில் அந்த உடைகள்தான். அதையும் பார்வைக்கு மட்டும் வைத்துவிட்டோம்.

இப்போது ஈரோடு.

எங்கள் தலைமுறைக்குக் காமிக்ஸ் என்றால் சிவகாசி. 1972-ல் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ், முதல் இதழே இரும்புக்கை மாயாவி. 1984-ல் அவர் மகன் விஜயன் இருபதைத் தொடாத வயசில் ஆரம்பித்த லயன் காமிக்ஸ். அதே வருஷம் வந்த ராணி காமிக்ஸ். பெரம்பலூர் அப்போது திருச்சி மாவட்டத்தில் ஒரு ஊர். பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும். ஒரு இதழை வாங்கினால் ஆறு பேர் படிப்போம். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியுமே, அந்தக் கட்டத்தை நோட்டில் வரையாத பையன் எங்கள் வகுப்பில் இல்லை. அது இங்கிலாந்தில் 'வேலியன்ட்' இதழில் வந்த கதை என்பதெல்லாம் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். படித்துவிட்டுப் பதினைந்து பைசா அஞ்சலட்டையில் சிவகாசிக்கு எழுதுவோம். எழுதினால் ஆசிரியர் படிப்பார் என்ற நம்பிக்கை இருந்தது.

அந்த அஞ்சலட்டையின் நீட்சிதான் ஈரோடு என்று நினைக்கிறேன். மக்கள் சிந்தனைப் பேரவை 2005-லிருந்து ஆகஸ்ட் மாதம் நடத்தும் ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டி, லயன்-முத்து வாசகர்கள் ஆசிரியரோடு உட்கார்ந்து பேசும் சந்திப்பு பல வருஷமாக நடக்கிறது. கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் அடங்கிவிடும். ஆனால் அங்கே நடப்பதைக் கேட்டுப் பாருங்கள். மொழிபெயர்ப்பு சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். டெக்ஸ் வில்லர் வருஷத்துக்கு எத்தனை என்று பேரம் நடக்கும். ஆசிரியர் அச்சுச் செலவு, உரிமைத் தொகை, பிரிண்ட் ரன் என்று கணக்கைப் பிரித்து வைத்துப் பேசுவார். வாசகர்களில் சிலர் பின்னால் மொழிபெயர்ப்பிலேயே கை கொடுத்திருக்கிறார்கள். மேஜையின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே ஆள் நடமாட்டம் உண்டு.

உதாரணத்துக்கு 'இரத்தப் படலம்'. ஞாபகம் தொலைந்த ஒருவன் தன் பெயரைத் தேடி அலையும் கதை. வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த பெல்ஜியக் காமிக்ஸ். லயனில் துண்டு துண்டாக, வருஷக் கணக்கில் இடைவெளி விட்டு வந்தது. நாயகனை விட வாசகனுக்குத்தான் ஞாபகம் தப்பிவிடும். ஒரே தொகுப்பாகப் போடுங்கள் என்று வாசகர்கள் விடாமல் கேட்டு, 2010-ல் 18 பாகமும் ஒரே கறுப்பு-வெள்ளைப் புத்தகமாக வந்தது. அதோடு விட்டார்களா? கலரில் வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். முன்பதிவு சேர்த்து, 2018 ஆகஸ்டில் ஈரோட்டில் வண்ணத் தொகுப்பு வெளியானது. இங்கே ரசிகர்கள் வாங்க மட்டும் செய்யவில்லை. அந்தப் புத்தகம் இருப்பதற்கே அவர்கள்தான் காரணம். காமிகெட்டின் கொள்கையைக் கேள்விப்படாமலேயே, அதன் ஒரு சின்ன உருவத்தை நம்ம ஆட்கள் கட்டியிருக்கிறார்கள்.

சரி, அப்போ ஈரோடுதான் சிறந்தது, சென்னை வெறும் கடை என்று முடித்துவிடலாமா? முடியாது. ஏனென்றால் ஒரு ஆகஸ்டில் மகளை அங்கேயும் கூட்டிப் போனேன். அரை மணி நேரம் கழித்து என் காதில் மெதுவாக, "எல்லாரும் அங்கிளா இருக்காங்கப்பா" என்றாள்.

உண்மை. என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள். நாற்பது தாண்டிய ஆண்கள். பெண்கள் விரல் விட்டு எண்ணும்படி. பேச்சில் பாதி, எங்கள் பத்து வயசில் படித்ததை மறுபடி எப்போது போடுவீர்கள் என்பது. மாயாவி மறுபதிப்பு கேட்கிற குரலில் இருக்கும் வேகம் புதுத் தொடர் ஒன்றைப் பற்றிப் பேசும்போது பாதியாகக் குறைந்துவிடுகிறது. அதைவிட உறுத்தும் விஷயம் இன்னொன்று. ஐம்பது வருஷத்துக்கு மேல் இத்தாலியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கதை வாங்கிப் படித்த நாம், எத்தனை பேர் வரைய உட்கார்ந்தோம்? நன்றாகப் படித்தோம், நன்றாகச் சண்டை போட்டோம், சேகரித்துப் பாலித்தீன் உறையில் போட்டு அடுக்கினோம். என் நோட்டில் வரைந்த இரும்புக் கை அந்த நோட்டோடு பழைய பேப்பர்காரரிடம் போனது. நந்தம்பாக்கத்தில் பார்த்த பிள்ளைகள் அப்படி இல்லை. கையில் பசையும் பெயின்ட்டுமாக வந்திருந்தார்கள். என் கண்ணுக்கு அதில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள்.

ஆக, சென்னையில் செய்கிற கைகள் இருக்கு, உட்காரப் பெஞ்சு இல்லை. ஈரோட்டில் மேஜை இருக்கு, சின்னவர்கள் இல்லை. இந்த ரெண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று அறியவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். மாங்கா படிக்கிற பெண்ணுக்கு சிவகாசியில் ஐம்பது வருஷமாக ஒரு காமிக்ஸ் மரபு ஓடுவது தெரியாது. டெக்ஸ் வில்லர் ரசிகருக்கு நெசுகோ யார் என்று தெரியாது. ஈரோட்டில் நரைத்த தாடி வைத்த ஒருவர் மட்டும் என் மகளிடம் வந்து, "நீ என்னம்மா படிக்கிறே?" என்று கேட்டார். அவள் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பொண்ணு பேயா, மனுஷியா?" என்றார். "அதாங்க அங்கிள் கதையே" என்றாள்.

சென்னைக்கு வருஷா வருஷம் ராத்திரி பஸ் ஏற எல்லா வீட்டிலும் முடியாது. டிக்கெட், போக வர, சாப்பாடு, உடை என்று கூட்டிப் பார்த்தால் எங்கள் பக்கம் நிறைய குடும்பங்களுக்கு அது ஒரு மாத மளிகை. ஈரோடும் பக்கமில்லை. ஆனால் பெரம்பலூரில் 2012-லிருந்து புத்தகத் திருவிழா நடக்கிறது. அரியலூரிலும் உண்டு. 2022-க்குப் பிறகு அரசே எல்லா மாவட்டத்திலும் புத்தகத் திருவிழாவுக்குப் பணம் ஒதுக்குகிறது. பந்தல் இருக்கு, மின்சாரம் இருக்கு, பகலில் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வருகிறார்கள். அந்தப் பிள்ளைகள் செய்வது என்ன? கையில் இருக்கிற இருபது ரூபாய்க்குப் பொம்மைப் படப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொண்டு வரிசையிலேயே திரும்பிப் போகிறார்கள். சாயங்காலம் மேடையில் பட்டிமன்றம். அவர்களிடம் "நீ என்ன படிக்கிறே?" என்று கேட்க அங்கே ஒரு நாற்காலி போடலாம்.

வரைய விஷயத்துக்கா பஞ்சம்? அரியலூர் கல்லமேட்டில் ஒரு டைனோசர் எலும்பு எடுத்தார்கள். ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். உலகத்திலேயே பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்று இன்னும் விவாதம் ஓடுகிறது. அந்த எலும்பு பொடிந்து போய்விட்டது. மிச்சம் இருப்பது கோட்டோவியங்களும் கொஞ்சம் புகைப்படங்களும்தான். வரைந்தும் படம் எடுத்தும் வைத்ததால் மட்டுமே தப்பித்த ஒரு பிராணி எங்கள் பக்கத்து மாவட்டத்தில் இருக்கு. அதை வைத்து ஒரு எட்டுப் பக்கக் காமிக்ஸை நான் இதுவரை பார்த்ததில்லை.

அடுத்த புத்தகத் திருவிழாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் ஒரு மேஜை கேட்டு எழுதிக் கொடுக்கப் போகிறோம், நானும் மகளும் இன்னும் நாலு பேரும். விற்பனை கிடையாது. என்னிடம் 'இரத்தப் படலம்' ரெண்டு பதிப்பும் இருக்கு, புரட்டிப் பார்க்க வைப்பேன். அவள் ஸ்டென்சிலும் பெயின்ட்டும் கொண்டு வருவாள், பழைய துணி நாங்களே தருவோம். ஏ4 தாளில் ஆறு கட்டம் போட்டு அடுக்கி வைப்போம், வருகிறவர்கள் நிரப்பலாம். பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம், துறையூர் பக்கம் யாராவது இதைப் படித்தால் கமெண்டில் சொல்லுங்க. பெயின்ட் விரிசல் விடாமல் இருக்க வழி தெரிந்தவர்களும் சொல்லலாம், அந்தப் பிரச்சினை இன்னும் தீரவில்லை.